குண்டலுபேட்டை பருத்தி: விளைச்சல் கணக்கும் சான்றிதழ் கணக்கும்

குண்டலுபேட்டை: பருத்தி உற்பத்தித் திறனை உயர்த்துவதற்கான ஐந்தாண்டு இயக்கம் ஒன்றை 2025 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். விளைச்சல் பெருக வேண்டும், சாகுபடி நிலைத்து நிற்க வேண்டும், மிக நீண்ட இழைப் பருத்திக்கு ஊக்கம் தர வேண்டும் என்று அந்த அறிவிப்பு கூறியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2024 நவம்பரில், ரூ.2,481 கோடி மதிப்பிலான இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. இரண்டும் ஒரே அரசின் திட்டங்கள். ஆயினும் பட்ஜெட் உரையின் பருத்திப் பத்தியில் இயற்கைப் பருத்தி என்ற சொல் எங்கும் இடம்பெறவில்லை. தலைநகரில் இந்த இரண்டு கோப்புகளும் சந்தித்துக் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இட்டு வளர்க்கும் பருத்தி நல்லதா, அவை இல்லாமல் வளர்க்கும் பருத்தி நல்லதா என்ற கேள்வி பெரும்பாலும் விளைச்சலைப் பற்றிய கேள்வியாகவோ, சுற்றுச்சூழலைப் பற்றிய கேள்வியாகவோ மட்டுமே விவாதிக்கப்படுகிறது. விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் கேள்வி வேறு உருவம் கொள்கிறது. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாறும் ஆண்டுகளின் நஷ்டத்தை யார் ஏற்பது, விதை யார் கையில் இருக்கிறது, 'இது இயற்கைப் பருத்தி' என்று சொல்லும் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்பவையே அவருக்கு முக்கியம். இதை விளங்கிக்கொள்ள, கோவை ஆலைகளுக்கும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கும் அதிகத் தொலைவில் இல்லாத ஒரு மானாவாரிப் பகுதியை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

காடு முடியும் இடத்தில்

உதகையிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காடுகளைக் கடந்து மைசூர் செல்லும் சாலையில், காடு முடியும் இடத்தில் குண்டலுபேட்டை வட்டத்தின் வயல்கள் தொடங்குகின்றன. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்த வட்டம், அந்த ஆண்டில் உருவான சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. வயநாட்டிலிருந்து வரும் சாலையும் இங்குதான் வந்து சேர்கிறது. ஓணத்தை ஒட்டிய வாரங்களில் சூரியகாந்தி, செண்டுமல்லித் தோட்டங்களில் படம் எடுத்துக்கொள்ளக் கேரளத்துப் பயணிகள் திரளும் ஊர் இது. தமிழக வியாபாரிகளுக்கோ மஞ்சளும் சின்ன வெங்காயமும் வரும் ஊர். பருத்திக்காக இந்த ஊரை அறிந்தவர்கள் பஞ்சு வியாபாரிகள் மட்டுமே எனலாம்.

இங்கே பருத்தி பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். கோடை மழையை நம்பி ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பார்கள். செம்மண்ணும் இடையிடையே கரிசலும் கலந்த நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால், தென்மேற்குப் பருவமழை சற்றுப் பிந்தினாலும் பயிர் வாடிவிடும். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற வேறுபாடு உரத்தைவிட மழையைப் பொறுத்தே அமைகிறது.

இந்த வட்டத்தின் மழைநீரைச் சுமந்து செல்லும் குண்டலு ஆறு, நஞ்சன்கூடு அருகே கபினியில் சேர்கிறது. கபினி, திருமகூடலு நரசிபுராவில் காவிரியில் கலக்கிறது. காவிரியில் வரும் நீரின் அளவைப் பற்றி இரு மாநிலங்களும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்காடி வருகின்றன. அந்த நீரில் என்ன கரைந்து வருகிறது என்பதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதில்லை.

வீரிய ஒட்டு முதல் பிடி வரை

ரசாயனப் பருத்தியின் கதையில் கர்நாடகத்துக்குத் தனி இடம் உண்டு. தார்வாட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'வரலட்சுமி' என்ற வீரிய ஒட்டு ரகம் 1972-லும், டிசிஎச் 32 எனப்படும் 'ஜெயலட்சுமி' 1981-லும் வெளியாயின. நீண்ட, மெல்லிய இழை. எனவே மெல்லிய நூல் நூற்கும் ஆலைகள் இவற்றை விரும்பி வாங்கின. ஆனால் இவை நீண்ட நாள் நிற்கும் பயிர்கள். காய்ப்புழுவுக்கு எளிதில் இரையாகும் பயிர்களும்கூட. ஒவ்வொரு ஆண்டும் புதிய விதை, அதற்கேற்ற உரம், அதைத் தொடர்ந்து மருந்து என்று ஒரு சங்கிலி உருவானது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டுமே கொண்டிருந்த பருத்தி, மொத்தப் பூச்சிக்கொல்லியில் ஏறக்குறைய பாதியை விழுங்குவதாக 1990-களில் கணக்கிடப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் பிடி பருத்தி வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் செலுத்தி, காய்ப்புழுவைச் செடியே கொல்லுமாறு செய்யும் தொழில்நுட்பம் இது. 1998 நவம்பரில் பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம், ரெய்ச்சூர் மாவட்டத்தில் மான்சாண்டோவின் சோதனை வயலைத் தீயிட்டு எரித்து நாடு தழுவிய விவாதத்தைத் தொடங்கிவைத்தது. ஆனாலும் 2002 மார்ச்சில் மூன்று பிடி ரகங்களுக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி அளித்தது. பத்தாண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பிடி ரகங்களாக மாறிவிட்டது. நஞ்சுண்டசாமி 2004-ல் மறைந்தார். அவர் கனவு கண்ட 'அமிர்த பூமி' என்ற பண்ணைப் பள்ளி, குண்டலுபேட்டை இடம்பெற்றுள்ள அதே சாமராஜநகர் மாவட்டத்தில் விவசாயிகளுக்கு ரசாயனமற்ற சாகுபடியைக் கற்பித்து வருகிறது.

பிடி பருத்தியின் தொடக்க ஆண்டுகளில் விவசாயிகள் பயன் பெற்றார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது. கதாகே, கெய்ம் ஆகிய இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, பூச்சிச் சேதம் குறைந்ததால் ஏக்கருக்கு 24 சதவீதம் விளைச்சலும் 50 சதவீதம் லாபமும் கூடியதாகக் கூறியது. 2001-02-ல் ஹெக்டேருக்கு 308 கிலோவாக இருந்த தேசியச் சராசரிப் பஞ்சு விளைச்சல், 2007-08-ல் 554 கிலோவைத் தொட்டது. ஆனால் அந்த உச்சத்தில் அது நிலைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடி பருத்தியை வென்றுவிட்டதை 2010-ல் மான்சாண்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த தலைமுறை ரகத்தையும் சில ஆண்டுகளில் அந்தப் புழு வென்றது. 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பெருகிப் பயிரை நாசம் செய்தது. மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே.ஆர். கிராந்தியும் அமெரிக்க மானுடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, பிடி வருவதற்கு முன் பூச்சிக்கொல்லிக்குச் செலவிட்டதைவிட அதிகமாக விவசாயிகள் இப்போது செலவிடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. விளைச்சல் உயர்வில் பெரும்பகுதி உரப் பயன்பாட்டின் பெருக்கத்தாலும் பிற காரணங்களாலும் வந்தது என்பதும் அவர்களின் வாதம்.

மருந்தின் மனித விலை தனிக் கணக்கு. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சேறி உயிரிழந்தனர். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இந்த மரணங்களுக்கு இடமில்லை.

மாறும் ஆண்டுகளின் நஷ்டம்

இனி இயற்கைப் பருத்தியின் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் இது குறித்து நம்பத்தக்க நீண்டகால ஆய்வு மத்தியப் பிரதேசத்தின் நிமார் பகுதியில் நடைபெற்று வருகிறது. கர்கோன் மாவட்டத்தின் கஸ்ராவத் அருகே, சுவிட்சர்லாந்தின் இயற்கை வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான ஃபிபில், 'பயோரே' அமைப்புடன் சேர்ந்து 2007-ல் சோதனை வயல்களைத் தொடங்கியது. முதல் நான்கு ஆண்டுகளின் முடிவு 2013-ல் வெளியானது. முதல் இரண்டு ஆண்டுகளில் இயற்கைப் பருத்தியின் விளைச்சல் ரசாயனப் பருத்தியைவிட 29 சதவீதம் வரை குறைந்தது. எல்லாப் பயிர்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆண்டுகளில் ரசாயன முறைக்கே 29 சதவீதம் கூடுதல் வரவு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. பருத்தி விளைச்சல் இரு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இயற்கை முறையில் செலவு குறைவு என்பதால் அதற்கு 25 சதவீதம் கூடுதல் வரவு கிடைத்தது. இயற்கை முறையின் ஆதரவாளர்கள் சொல்லாமல் விடும் ஒரு விவரமும் இதில் உண்டு. இடைவெளி குறைந்ததற்குக் காரணம் ரசாயன வயல்களில் விளைச்சல் சரிந்ததே என்று அந்த ஆய்வே குறிப்பிடுகிறது.

அதே பகுதியில் விவசாயிகளின் சொந்த வயல்களில் 2003 முதல் 2005 வரை நடந்த முந்தைய ஆய்வு இன்னும் சாதகமான படத்தைத் தந்தது. விளைச்சல் சமம், செலவு 10 முதல் 20 சதவீதம் குறைவு, 20 சதவீதக் கூடுதல் விலையும் கிடைத்தால் பருத்தி வரவு 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று 2007-ல் வெளியான அந்த ஆய்வு கூறியது. அந்த வயல்கள் பல ஆண்டுகளாக இயற்கை முறையில் பண்பட்டவை, அவற்றுக்குப் பின்னால் கூடுதல் விலை தரும் ஒரு நிறுவனம் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

நிமார் கரிசல் நிலம். பாசன வசதியும் உண்டு. குண்டலுபேட்டையின் மானாவாரிச் செம்மண்ணுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அந்த எண்களின் வடிவம் பொருந்தும். முதலில் பள்ளம், பிறகு மேடு. கேள்வி, பள்ளத்தைக் கடக்கும் வரை சிறு விவசாயி எதைத் தின்று வாழ்வார் என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26-ல் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,710. ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் எடுக்கும் விவசாயி ஒருவரை எடுத்துக்கொண்டால் அவருடைய வரவு ரூ.38,550. இயற்கை முறைக்கு மாறிய முதல் ஆண்டில் விளைச்சல் 29 சதவீதம் சரிந்தால் ஏறத்தாழ ரூ.11,180 இழப்பார். அந்த ஆண்டே 20 சதவீதக் கூடுதல் விலை கிடைத்தாலும்கூட, பழைய வரவைவிட ஏறக்குறைய ரூ.5,700 குறைவாகவே கையில் நிற்கும். உரத்திலும் மருந்திலும் மிச்சப்படுவது அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் விலை அப்போது கிடைக்காது என்பதே உண்மை. தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்ட விதிகளின்படி, ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாற்றுக் காலம். அந்த இரண்டு ஆண்டுகளில் ரசாயனம் தொடக் கூடாது. விளைந்த பருத்தியை இயற்கைப் பருத்தி என்று விற்கவும் முடியாது. கட்டுப்பாடு முதல் நாளிலிருந்து, பலன் மூன்றாம் ஆண்டிலிருந்து.

விளைச்சல் மீண்டு ஐந்து குவிண்டாலாகி, கூடுதல் விலையும் கிடைத்தால் அதே விவசாயியின் வரவு ரூ.46,260 ஆகும். மேடு உண்மையானதுதான். அங்கு போய்ச் சேர்வதற்குள் கடன்காரர் வாசலில் நிற்காமல் இருக்க வேண்டும்.

சாணம் போன வழி

இயற்கைப் பருத்திக்கு முதலீடு பணமாக இல்லாமல் சாணமாகவும் உழைப்பாகவும் இருக்கிறது என்பார்கள். குண்டலுபேட்டையில் அந்தச் சாணத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பந்திப்பூர் காட்டு ஓரத்தில் உள்ள ஹங்களா பகுதியை ஆராய்ந்த வனவிலங்கு ஆய்வாளர் எம்.டி. மதுசூதன், 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் வியப்பான ஒரு தொடர்பை எடுத்துக்காட்டினார். 1990-களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. காப்பித் தோட்டங்கள் இயற்கை எருவைத் தேடின. அதுவரை உள்ளூர் வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டுச் சாணம், காப்பித் தோட்டங்களுக்கு ஏற்றுமதியாகும் சரக்கானது. சாணத்துக்காகவே மாடுகள் பெருகின. அவை மேய்ந்ததோ புலிகள் காப்பகத்தில். பிரேசிலில் பனி விழுந்து காப்பி கருகினால் பந்திப்பூரில் புல் குறைகிறது என்ற சங்கிலியை அந்த ஆய்வு பதிவு செய்தது.

அதாவது, ஊருக்கு வெளியே இயற்கை எருவுக்கு நல்ல விலை கிடைக்கும்போது ஊர் நிலத்துக்கு யூரியா மலிவாகத் தெரிகிறது. யூரியாவுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. சாணத்தை வயலில் இடுகிறவருக்கு அந்த அளவில் எதுவும் இல்லை. இயற்கைப் பருத்தியைப் பற்றிய எந்த ஒப்பீடும் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காமல் முழுமை பெறாது.

பூச்சி நிர்வாகத்திலும் இப்படி ஒரு முரண் இருக்கிறது. பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை ஈர்த்துப் பருத்தியைக் காக்கும் பொறிப்பயிர்களாக இயற்கை விவசாயிகள் வயல் ஓரத்தில் நடுபவற்றில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் முக்கியமானவை. ஆமணக்கும் தட்டைப்பயறும் அவற்றுடன் சேரும். குண்டலுபேட்டையில் செண்டுமல்லிக்கும் சூரியகாந்திக்கும் பஞ்சமில்லை. செண்டுமல்லியின் இதழ்கள் நிறமி எடுக்கும் ஆலைகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் போகின்றன. பருத்திக்குக் காவலாக நிற்க வேண்டிய செடிகள் தனித்தனி வயல்களில் தனித்தனி வாணிபமாகிவிட்டன. கலந்து நட்டால் காவல். பிரித்து நட்டால் சரக்கு.

தண்ணீர் பற்றிய மிகை

இயற்கைப் பருத்தியை விற்பவர்கள் அடிக்கடி எடுத்தாளும் ஓர் எண் உண்டு. ரசாயனப் பருத்தியைவிட 91 சதவீதம் குறைவான பாசன நீரில் விளைகிறது என்பது அது. 2014-ல் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டிலிருந்து வந்த எண் இது. அந்த மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளப்பட்ட இயற்கைப் பருத்திப் பகுதிகள் பெரும்பாலும் மானாவாரி. ஒப்பிடப்பட்ட ரசாயனப் பருத்தியின் உலகச் சராசரியிலோ பாசனப் பகுதிகள் ஏராளம். மழையில் விளைந்ததையும் வாய்க்காலில் விளைந்ததையும் ஒப்பிட்டுவிட்டு, வேறுபாட்டுக்கு உரத்தைக் காரணம் காட்டுவது எவ்விதத்தில் நியாயம் என்று 2021-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஃபவுண்டேஷன் அறிக்கை கேள்வி எழுப்பியது. குண்டலுபேட்டையில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. இங்கே ரசாயனப் பருத்தியும் மழையில்தான் விளைகிறது, இயற்கைப் பருத்தியும் மழையில்தான் விளைகிறது. பாசன நீரில் இரண்டுக்கும் வேறுபாடு இருக்க வழியில்லை. தொழுவுரம் சேர்ந்த மண் ஈரத்தைச் சற்று அதிக நாள் பிடித்து வைக்கும் என்பது உண்மை. வறண்ட ஆண்டில் அதன் மதிப்பு விவசாயிக்குத் தெரியும். அந்த உண்மையான நன்மையை, 91 என்ற மிகை எண் மறைத்துவிடுகிறது.

மறுபக்கத்திலும் மிகை இல்லாமல் இல்லை. உலகப் பூச்சிக்கொல்லியில் கால் பங்கைப் பருத்தியே குடிக்கிறது என்ற பழைய வாசகத்தை இன்னும் பலர் சொல்கிறார்கள். சர்வதேசப் பருத்தி ஆலோசனைக் குழுவின் கணக்கின்படி 2019-ல் உலகப் பூச்சிக்கொல்லி விற்பனையில் பருத்தியின் பங்கு சுமார் 10 சதவீதம். சிறிய அளவு அல்ல. கால் பங்கும் அல்ல.

விதை எங்கே?

இயற்கைப் பருத்தி வளர்க்க முடிவு செய்யும் விவசாயிக்கு முதல் தடை விதைக்கடையிலேயே வருகிறது. மரபணு மாற்றிய விதைக்கு இயற்கை வேளாண் விதிகளில் இடமில்லை. சந்தையில் இருப்பதோ பெரும்பாலும் பிடி விதை மட்டுமே. 475 கிராம் பாக்கெட்டுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் உச்ச விலை நிர்ணயிக்கிறது. இரண்டாம் தலைமுறை பிடி விதைக்கு 2025-ல் அது ரூ.901. பிடி அல்லாத நல்ல விதையைத் தேடினால் பல்கலைக்கழகங்களின் வாசலுக்கே போக வேண்டும். ஃபிபில் நிறுவனம் 2011-ல் தொடங்கிய 'பசுமைப் பருத்தி' திட்டத்தில் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் சேர்ந்தது இந்தப் பஞ்சத்தைப் போக்கத்தான்.

நாடு விடுதலை பெற்றபோது பருத்திப் பரப்பில் மிகப் பெரும்பகுதி நாட்டு இனங்களாக இருந்தது. கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணி, தார்வாட் பக்கத்தின் ஜெயதர் போன்றவை தத்துப்பூச்சிக்கும் வறட்சிக்கும் அஞ்சாதவை. விதையைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இழை குட்டையானது என்று ஆலைகள் ஒதுக்கியதால் அவை ஒழிந்தன. பருத்தியில் ஏறக்குறைய முழுப் பரப்பிலும் வீரிய ஒட்டு விதையையே விதைக்கும் பெரிய நாடு இந்தியா ஒன்றுதான். மற்ற நாடுகள் குறுகிய காலத்தில் முதிரும் நேர் ரகங்களை நெருக்கமாக விதைத்து, இளஞ்சிவப்புப் புழு பெருகும் முன்பே அறுவடையை முடித்துவிடுகின்றன. நம் விதை நிறுவனங்களுக்கு நேர் ரகத்தில் லாபமில்லை, ஏனெனில் அடுத்த ஆண்டு விவசாயி கடைக்கு வரமாட்டார். மிக நீண்ட இழைக்கு ஊக்கம் தரும் ஐந்தாண்டு இயக்கம் எந்த வகை விதையை விவசாயி கையில் கொடுக்கப் போகிறது என்பது, அதன் வெற்றியை முடிவு செய்யும் முக்கிய அம்சம்.

சான்றிதழின் சொந்தக்காரர்

இனி மிகவும் சிக்கலான பகுதி. ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துப் பார்த்து அது இயற்கைப் பருத்தியா, ரசாயனப் பருத்தியா என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றத்தைக் கண்டறியலாம். யூரியா இட்டதைக் கண்டறிய முடியாது. ஆகவே கூடுதல் விலை பஞ்சுக்குக் கிடைக்கவில்லை, அதனுடன் செல்லும் காகிதத்துக்குக் கிடைக்கிறது.

2010 ஜனவரியில் ஜெர்மனியின் 'ஃபைனான்சியல் டைம்ஸ் டாய்ச்லாந்து' நாளிதழ், பரிசோதித்த இயற்கைப் பருத்தி மாதிரிகளில் சுமார் 30 சதவீதத்தில் மரபணு மாற்றிய பருத்தி கலந்திருந்ததாக ஆய்வுக்கூடத்தை மேற்கோள் காட்டி எழுதியபோது, பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்ற பருத்தி என்பதால் இங்கே பெரும் சலசலப்பு எழுந்தது. 2020 அக்டோபரில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. உலக இயற்கை ஜவுளித் தர அமைப்பான காட்ஸ், 20,000 டன் கச்சாப் பருத்திக்குப் போலிப் பரிவர்த்தனைச் சான்றிதழ்கள் தயாரிக்கப்பட்டதைக் கண்டறிந்து, 11 நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. இந்தியாவின் சான்றளிப்பு முறையை ஏற்கும் உடன்பாட்டை அமெரிக்க வேளாண்மைத் துறை 2021-ல் முறித்துக்கொண்டது. உலக இயற்கைப் பருத்தியில் 2018-19-ல் சுமார் பாதியை விளைவித்த நாடு இந்தியா. காட்ஸ் சான்று பெற்ற ஆலைகள் உலகிலேயே அதிகமாக உள்ள நாடும் இதுவே. அவற்றில் கணிசமானவை திருப்பூர் வட்டாரத்தில் இருக்கின்றன. மோசடியின் அவப்பெயர் ஒழுங்காக வளர்த்த விவசாயி மீதும் விழுந்தது.

இதற்கு இடம் கொடுத்த ஏற்பாடு எது? சிறு விவசாயி தனியாகச் சான்றிதழ் பெறும் செலவைத் தாங்க முடியாது. எனவே நூற்றுக்கணக்கானோரைக் குழுவாகச் சேர்த்து ஒரே சான்றிதழ் வாங்கும் முறை வந்தது. நடைமுறையில் பல இடங்களில் குழுவை நடத்தியது ஜின்னிங் ஆலையோ ஏற்றுமதி நிறுவனமோதான். சான்றிதழ் அவர்கள் பெயரில். நிலம் விவசாயி பெயரில். அவர்கள் சொன்ன விலைக்குக் கொடுக்க மறுத்தால், விவசாயியின் பருத்தி வெளியே சாதாரணப் பருத்தியாகிவிடும். இரண்டு ஆண்டு பள்ளத்தைத் தாண்டி அவர் ஈட்டிய தகுதி, அவருக்குச் சொந்தமில்லை. இந்த ஒரு விஷயம் எத்தனையோ வயல்களில் இயற்கை முறையைத் தோற்கடித்திருக்கிறது என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட தேசியத் திட்டத்தின் எட்டாவது பதிப்பு, விவசாயிகளின் குழுவே சட்டபூர்வமான அமைப்பாக இருக்க வேண்டும் என்று விதித்தது. தாமதமான திருத்தம்தான், என்றாலும் சரியான இடத்தில் கைவைத்த திருத்தம்.

ஒப்பந்தம் எப்போதும் விவசாயியை ஏமாற்றும் என்று சொல்லிவிடவும் முடியாது. குண்டலுபேட்டைக்கு வடமேற்கே, காட்டுக்கு அப்பால் இருக்கும் எச்.டி. கோட்டை வட்டத்தில், பொள்ளாச்சியைச் சேர்ந்த அப்பாச்சி காட்டன் நிறுவனத்தின் மணி சின்னசாமி, கபினிப் பகுதி விவசாயிகளுடன் இணைந்து நீண்ட இழை இயற்கைப் பருத்தியை விளைவித்தார். அந்தப் பஞ்சு பொள்ளாச்சிக்கு வந்து, நூலாகி, 'எதிக்கஸ்' என்ற பெயரில் 2009 முதல் கைத்தறிச் சேலைகளாக விற்பனைக்கு வந்தது. ஜின்னிங் முதல் விற்பனை வரை ஒரே கையில் இருந்ததால் பஞ்சு எந்த வட்டாரத்தில் விளைந்தது என்பதைச் சேலை வாங்குபவருக்கும் சொல்ல முடிந்தது. இடைத்தரகர்கள் குறைந்தால் காகிதத்தின் வேலையும் குறைகிறது என்பதற்கு இது சான்று. இத்தகைய முயற்சி சேலைக் கடைக்குப் போதும். மாதந்தோறும் கப்பல் கப்பலாக டி-சட்டை அனுப்பும் திருப்பூருக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. உலகில் விளையும் மொத்தப் பருத்தியில் இயற்கைப் பருத்தியின் பங்கு மிகச் சிறியது.

தில்லி செய்யாதது

2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியால் ஜவுளித் தொழில் திணறியபோது, பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு தாற்காலிகமாக நீக்கி, அந்த விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைகள் வரவேற்றன, அறுவடை நேரத்தில் வெளிநாட்டுப் பருத்தியை அனுமதிப்பதா என்று விவசாய சங்கங்கள் கண்டித்தன. இரு தரப்பும் சொன்னதில் நியாயம் இருந்தது. குண்டலுபேட்டைப் பக்கம் பருத்தி எடுக்கும் மாதங்களில்தான் அந்த விலக்கும் நடப்பில் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாற்றுக் காலத்தில் இருக்கும் இயற்கை விவசாயிக்கு இந்த அடி இரட்டிப்பாக விழும். விளைச்சலும் குறைவு, சாதாரணப் பருத்தி விலையும் சரிவு.

மாற்றுக் காலத்தின் நஷ்டத்தைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டுவது புதுமையான யோசனை அல்ல. ஐரோப்பிய நாடுகள் பல, மாறும் ஆண்டுகளுக்கு ஹெக்டேர் கணக்கில் உதவித்தொகை தருகின்றன. கர்நாடகம் 2004-லேயே இயற்கை வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்ட மாநிலம். 2012-ல் பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு, மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்த தனது அறிக்கையில் பிடி பருத்தி விவசாயிகளின் நிலையைக் கடுமையாக விமர்சித்தது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை.

இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலையில் வாங்கும்போது இழையின் நீளத்தையும் நுண்மையையும் பார்த்து விலை வகுக்கிறது. நடுத்தர இழைக்கு ரூ.7,710, நீண்ட இழைக்கு ரூ.8,110 என்பது 2025-26-ம் ஆண்டுப் பட்டியல். ரசாயனம் தொடாமல் விளைந்த பருத்திக்கென அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கப்படவில்லை.